சாமை இட்லி தட்டையாக, பிசுபிசுப்பாக வருகிறது. எங்கே தவறு?

கேள்வி: தட்டு இட்லி
வீட்டில் சர்க்கரை நோய் இருப்பதால் இட்லி அரிசிக்குப் பதில் சாமை போடுகிறேன். 4 டம்ளர் சாமை, 1 டம்ளர் முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். எல்லாவற்றையும் ஒன்றாக ஊறவைத்து, மிக்சியில் நைசாக அரைத்து, ராத்திரி முழுக்க வெளியில் வைக்கிறேன். காலையில் பாத்திர ஓரத்தில் மாவு ஏறி இறங்கிய தடம் இருக்கிறது. இட்லி தட்டை, நடுவில் பிசுபிசுப்பு, புளிப்பும் தூக்கல். அரிசி சேர்த்தே ஆகணுமா?

பதில்: கல்லுரல்
வேண்டாம், முழுக்கச் சாமையிலேயே வரும். ஆனால் ஒன்றாக ஊறவைத்து ஒன்றாக அரைப்பதை நிறுத்துங்கள். இட்லி அரிசி புழுங்கல். கடையில் கிடைக்கும் சாமை பெரும்பாலும் பச்சை. நைசாக அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும், அதுதான் அந்தப் பிசுபிசுப்பு.

அளவை 3 டம்ளர் சாமைக்கு 1 டம்ளர் உளுந்து என்று மாற்றுங்கள். சாமை 4 மணி நேரம், உளுந்தும் வெந்தயமும் தனியாக 2 மணி நேரம் ஊறினால் போதும். முதலில் உளுந்து. ஃப்ரிட்ஜ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். மிக்சி என்றால் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள், ஜார் சூடேறினால் உளுந்து பொங்காது. ஒரு கிண்ணம் தண்ணீரில் துளி மாவை விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரையணும். பிறகு சாமையை, விரலில் தேய்த்தால் சன்ன ரவை நெருடுகிற பதத்தில் எடுத்துவிடுங்கள். மிருது போதாவிட்டால் அரை டம்ளர் அவலைப் பத்து நிமிடம் ஊறவைத்துச் சாமையோடு சேர்த்து அரைக்கலாம்.

பதில்: ஆவி பறக்க
அந்தத் தடமே பதில் சொல்கிறது. மாவு நடு ராத்திரியே பொங்கி, காலைக்குள் அமுங்கிவிட்டது. சிறுதானிய மாவு அரிசி மாவைவிடச் சீக்கிரம் புளிக்கும். வெயில் காலத்தில் 6 மணி நேரத்திலேயே பாருங்கள். ஒன்றரை மடங்கு உயர்ந்து, கரண்டியால் ஓரத்தை விலக்கினால் உள்ளே வலை வலையாகக் குமிழி தெரிந்தால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் அடித்துக் கலக்காமல் மேலாக அள்ளி ஊற்றுங்கள். கலக்கினால் காற்றெல்லாம் போய்விடும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டை உள்ளே வைக்கணும். 10–12 நிமிடம். எடுத்து 2 நிமிடம் ஆறவிட்டு, ஈரக் கரண்டியால் எடுத்தால் ஒட்டாது.

பதில்: முருங்கைக்கீரை
சர்க்கரைக்காக என்றால் ஒரு விஷயம். சாமையும் மாவுச்சத்துதான், அதனால் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆறு இட்லி சாப்பிடுகிறவர் மூன்றோடு நிறுத்தி, ஒரு கிண்ணம் காய் நிறைந்த சாம்பார் ஊற்றிக்கொண்டால்தான் பலன். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள். எத்தனை இட்லி ஒத்துக்கொள்கிறது என்று அதுவே காட்டிவிடும். பளபள வெள்ளையாக இருக்கும் சாமையில் தவிடு போயிருக்கும். லேசான பழுப்பில் இருப்பதை வாங்குங்கள், அதை 6 மணி நேரம் ஊறவிடுங்கள்.

புளித்த மாவைக் கொட்டாதீர்கள். சின்ன வெங்காயம், துருவிய கேரட், ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றினால் புளிப்பு தெரியாது.

கேள்வி: தட்டு இட்லி
நன்றிங்க. குதிரைவாலிக்கும் இதே அளவுதானா?

பதில்: கல்லுரல்
இதே அளவுதான். வரகு என்றால் மட்டும் இன்னும் 2 மணி நேரம் கூடுதலாக ஊறணும்.