தீக்‌ஷா பயிற்சி 92 சதவீதத்தில் நிற்கிறது, சான்றிதழ் இல்லை. என்ன செய்வது?

மழலை_டீச்சர்:
அரசின் ஆன்லைன் கற்றல் தளமான தீக்‌ஷாவில் எடுப்பது. ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சியான நிஷ்தா 3.0-வில் ஐந்தாவது பாடநெறி, வித்யா பிரவேஷ் – பாலவாடிகா (பள்ளிக்கு முந்தைய தயாரிப்பு பற்றியது). க்விஸ் முடித்தாயிற்று, ஆனால் முன்னேற்றம் 92 சதவீதத்தைத் தாண்டவில்லை. வீடியோக்களை டவுன்லோட் செய்து, நெட் இல்லாத இடத்தில் பார்த்தவை. மொபைலில் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளம்) வழியாக லாகின், லேப்டாப்பில் ஜிமெயில். மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டுமா?

பயிற்றுநர்_தஞ்சை:
வேண்டாம் மேடம். முக்கியமாக, க்விஸை இப்போது தொடாதீர்கள். அதற்கு மூன்றே வாய்ப்பு. 70 சதவீதம் வேண்டும், அதாவது 20 கேள்விக்கு 14. மூன்றில் எது அதிகமோ அதுதான் கணக்கு.

முதலில் மொபைலில் நெட்டை ஆன் செய்து பாடநெறிப் பக்கத்தைத் திறங்கள். வலது மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதில் முன்னேற்றத்தை ஒத்திசைக்கும் தெரிவை அழுத்துங்கள். நெட் இல்லாமல் பார்த்ததெல்லாம் போனில்தான் கிடக்கும். சர்வருக்குப் போனால்தான் கணக்கில் ஏறும். அதற்குள் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலோ டேட்டாவை அழித்தாலோ பார்த்தது அத்தனையும் போய்விடும்.

கணக்கு_சார்:
அப்படி ஒத்திசைத்தும் (சின்க்) 92 என்றால் எண்ணிக்கையைப் பாருங்கள். சதவீதம் நேரத்தை வைத்து வருவதில்லை, எத்தனை உருப்படி முடித்தீர்கள் என்பதை வைத்து வருகிறது. 25 உருப்படி இருந்தால் ஒன்றுக்கு 4 சதவீதம். 92 என்றால் இரண்டு பாக்கி. அரை நிமிட அறிமுக வீடியோவும் நீளமான பாடமும் இதில் சமம். எல்லோரும் தாண்டிப் போவது அந்தச் சின்ன உருப்படிகளைத்தான்: முன்னுரை, சுருக்கம், கூடுதல் வளங்கள் பிடிஎஃப். ஒவ்வொரு அலகாக விரித்து முடிந்த குறி இல்லாததைத் தேடுங்கள். வீடியோ என்றால் கடைசிவரை ஓடட்டும். பயிற்சி வகை என்றால் இறுதிப் பக்கம் வந்த பிறகே வெளியேறுங்கள்.

மழலை_டீச்சர்:
மொபைலில் சின்க் ஆகிவிட்டது சார், அப்படியும் 92. விடுபட்ட இரண்டு பிடிஎஃப்பும் லேப்டாப்பில் திறந்தவை.

பயிற்றுநர்_தஞ்சை:
அப்படியென்றால் சிக்கல் லாகினில். எமிஸ் கணக்கும் ஜிமெயில் கணக்கும் தீக்‌ஷாவுக்கு இரண்டு ஆட்கள். ஒன்றில் படித்தது மற்றொன்றில் தெரியாது. இரண்டு பிடிஎஃப் மட்டும்தானே, மொபைலிலேயே எமிஸ் லாகினில் திறந்து முடித்துவிடுங்கள். நீங்கள் சேர்ந்த பேட்ச் (பாடநெறி நடக்கும் காலத் தொகுதி) முடிவு தேதி தாண்டவில்லையே என்பதை மட்டும் முதலில் பாருங்கள். தாண்டியிருந்தால் 100 வந்தாலும் சான்றிதழ் வராது; அடுத்த பேட்சில்தான் சேர வேண்டும்.

கணக்கு_சார்:
கணக்குகளை ஒன்றாக்கும் வசதியும் உண்டு. ஆனால் இரண்டு உருப்படிக்காக அதில் இறங்க வேண்டாம் என்பேன். இணைத்த பிறகு மற்றக் கணக்கு அழிந்துவிடும், திரும்ப வராது. செய்தே ஆக வேண்டுமென்றால் எமிஸ் கணக்கில் உள்ளே இருந்துகொண்டு ஜிமெயிலை அதோடு சேருங்கள். தலைகீழாகச் செய்தால் துறைக் கணக்கே போய்விடும்.

தமிழ் வழியில் தொடங்கியதை ஆங்கில வழியில் முடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நடக்காது, அவை வெவ்வேறு பாடநெறிகள்.

நர்சரி_உதவி:
பிடிஎஃப்பைத் திறக்கும் முன் சுயவிவரத்தில் பெயரைச் சரிபாருங்கள், இனிஷியல் உட்பட. பணிப்பதிவேட்டில் உள்ளபடி இருப்பது நல்லது. சான்றிதழ் உடனே வராது, சில நாள் பிடிக்கலாம். வந்ததும் சுயவிவரத்தில் கற்பவர் பாஸ்புக் பகுதியில் இருக்கும்.

மழலை_டீச்சர்:
பேட்ச் இன்னும் திறந்திருக்கிறது. இரண்டு பிடிஎஃப்பும் மொபைலில் முடித்ததும் 100 காட்டுகிறது. இனிஷியலும் திருத்தியாயிற்று. நன்றி.