புதுப்பிப்பு: சூடானதும் நின்றுவிடும் மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்தில் நான் திருத்திவரும் 948 சிசி மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார், இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிட்டு, ஆறிய பிறகே மீண்டும் இயங்குகிறது என்று முன்னர் எழுதியிருந்தேன். பெற்றோல் குழாயில் ஆவி அடைப்பு (சூட்டில் பெற்றோல் ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பது) என்றே பலரும் கணித்தீர்கள். நானும் அதை நம்பி, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்யூ கார்புரேட்டரை இரண்டு தடவை வீணாகக் கழற்றிப் பூட்டினேன்.

கடைசியாக, கார் நின்ற கையோடு கார்புரேட்டரில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைத் திறந்து பார்த்தபோது பெற்றோல் நிறைந்தே இருந்தது; ஆகவே பெற்றோல் வரத்தில் குறையில்லை. கிண்ணத்தை மூடிவிட்டுப் பிளக்கைச் சோதித்தால், தீப்பொறி மெலிந்து மஞ்சளாகத் தெரிந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்ற் முனைகள் நீலம் பாரித்துக் கருகியிருந்தன. அம்முனைகள் பொறி பறந்து கருகாமல் காக்கும் கண்டென்சர், சூடேறியதும் செயலிழந்ததே காரணம். (அது இவ்வாண்டு புதிதாக வாங்கியது!) கழற்றி வைத்திருந்த பழையதையே மீண்டும் பூட்டி, பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்தேன். நேற்றுப் பருத்தித்துறை போய்த் திரும்பும்வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.