ஹீல்வொர்க்கில் உற்சாகம்: ட்ரீட்டா, செயினா?

டல்லாஸ்_செல்வி
வணக்கம். எங்கள் லேப்ரடார் மினிக்கு இரண்டு வயது. ஏகேசி, அதாவது அமெரிக்கன் கெனல் கிளப் நடத்தும் ஒபீடியன்ஸ் (கீழ்ப்படிதல்) போட்டியில் நாவிஸ் என்னும் தொடக்க நிலை வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டுக் கொல்லையில் அவள் ஹீலில், அதாவது என் இடது பக்கத்தை விட்டு விலகாமல், நடப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். என் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி, வாலை ஆட்டிக்கொண்டு காலோடு ஒட்டி வருவாள். மாதிரிப் போட்டிக்குக் கூட்டிப்போனால் பத்தடிக்குள் வால் இறங்கிவிடுகிறது. வலது பக்கம் திரும்பினால் அரை உடம்பு பின்தங்கிவிடுகிறாள். "ட்ரீட் கொடுத்தே கெடுத்துவிட்டீர்கள், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் போட்டு நாலு சுண்டு சுண்டினால் சரியாகிவிடும்" என்கிறார் பயிற்சியாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பழைய_ஹேண்ட்லர்
செல்வி, உங்கள் பயிற்சியாளர் பேச்சில் நியாயம் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். நாவிஸில் மொத்தம் 200 புள்ளி. லீஷோடு (கழுத்துக் கயிற்றோடு) ஹீலும் எட்டு வடிவ நடையும் சேர்ந்து 40, லீஷ் இல்லாத ஹீலுக்கு இன்னொரு 40. தேறுவதற்கு 170 வேண்டும், ஒவ்வொரு பிரிவிலும் பாதிக்கு மேலும் வாங்கியாக வேண்டும். ஹீல் சொதப்பினால் கரை சேர முடியாது. ரிங்குக்குள், அதாவது போட்டிக் களத்துக்குள், ட்ரீட்டோ பொம்மையோ கொண்டுபோகவும் கூடாது. அப்போது நாயை உங்கள் பக்கத்தில் வைத்திருப்பது எது? வந்தே ஆக வேண்டும் என்ற தெளிவுதான். செயினைச் சுண்டுவது வலிக்கவைப்பதற்கு அல்ல. சுண்டியதும் தளர்த்த வேண்டும், இடத்துக்கு வந்ததும் பாராட்ட வேண்டும். தன் இடம் எது என்று சந்தேகமில்லாத நாய்தான் தைரியமாக நடக்கும்.

வால்நுனி
ஐயா, தெளிவு வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இங்கே பிரச்சினை பின்தங்குவது. கழுத்தில் சுண்டு விழும் இடம் எது? செல்வியின் இடது கால் பக்கம். அந்த இடமே நாய்க்குப் பிடிக்காமல் போய்விட்டால் அது இன்னும்தான் ஒதுங்கும். ஏற்கெனவே வால் இறங்கிய நாய் இது. சுண்டினால் உடம்பு பக்கத்தில் வரும், மனசு வராது.

செல்வி, கொல்லையில் நடக்கும்போது ட்ரீட் உங்கள் கையிலேயே இருக்கிறதா? இருந்தால் மினி நடப்பது ஹீலுக்காக இல்லை, கைக்காக. ட்ரீட் டப்பாவைத் தூரத்தில் ஒரு நாற்காலியில் வையுங்கள். வெறுங்கையோடு மூன்று அடி நடங்கள். அவள் தலை தூக்கித் துள்ளலோடு வரும் அந்த நொடியில் "யெஸ்" சொல்லிவிட்டு, இரண்டு பேரும் நாற்காலிக்கு ஓடுங்கள். அடுத்த தடவை பன்னிரண்டு அடி, அப்புறம் ஒரே அடி, அப்புறம் இருபது. எப்போது கிடைக்கும் என்று அவளால் கணிக்க முடியக் கூடாது. கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வெளியே கிடைக்கும் என்பது பழகிவிட்டால் ரிங் அவளுக்குப் புதிதாகவே தெரியாது.

பரிசு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். பின்தங்கும் நாய்க்கு "யெஸ்" சொன்னதும் பொம்மையை நேர் முன்னால் எறியுங்கள். முந்திக்கொண்டு போகும் நாய் என்றால் உங்கள் இடது தொடைக்குப் பின்னால் கொடுக்க வேண்டும். எங்கே கிடைக்கிறதோ அந்தப் பக்கம்தான் நாய் சாயும்.

பழைய_ஹேண்ட்லர்
முன்னால் எறிந்து பழக்கிய நாய்கள் ஹேண்ட்லருக்கு, அதாவது நாயை நடத்திப்போகிறவருக்கு, ஒரு முழம் முன்னால் போய்க் குறுக்கே திரும்புவதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஏகேசி விதிப்படி நாயின் தலைக்கும் தோளுக்கும் இடைப்பட்ட பகுதி ஹேண்ட்லரின் இடது இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும். முந்தினாலும் புள்ளி போகும், இடித்தாலும் போகும். துள்ளலுக்கென்று தனிப் புள்ளி கிடையாது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக இடத்தைக் கோட்டைவிடக் கூடாது.

வால்நுனி
அதனால்தான் இடத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறேன். ஒரு பெரிய பேசினைக் கவிழ்த்து வைத்து, நாயின் முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் ஏற்றுங்கள். நீங்கள் பேசினைச் சுற்றி இடது பக்கமாக ஒரு சின்ன அடி வையுங்கள். முதலில் நாய் கழுத்தை மட்டும் திருப்பும். காத்திருங்கள். பின்னங்கால் ஒன்று நகர்ந்ததும் "யெஸ்", ட்ரீட். அடுத்து இரண்டாவது கால். சில நாட்களில் கடிகார முள் போல முழு உடம்பும் உங்களோடு சுற்றிவரும். பெரும்பாலான நாய்களுக்குத் தங்கள் பின்னங்கால் எங்கே இருக்கிறது என்ற நினைப்பே இருக்காது. இது வந்துவிட்டால் இடது திருப்பத்தில் இடிப்பது குறைந்துவிடும். இதில் செயினுக்கு வேலையே இல்லை, ஐயா.

எட்டு வடிவ நடையில் வலது வளைவில் நாய் வெளிவட்டத்தில் இருக்கிறது. உங்களைவிட வேகமாக வந்தால்தான் ஈடுகொடுக்க முடியும். மினி வலது திருப்பத்தில் பின்தங்குவதும் இதே கணக்குதான். திரும்பி முடிக்கும் இடத்தில் பொம்மையை விடுங்கள். திருப்பம் வந்தாலே பாய்ந்து வருவாள்.

கால்நடை_மருத்துவர்
நடுவில் ஒரு வார்த்தை. இரண்டு பேரும் இதைப் பழக்கம் என்றே எடுத்துக்கொண்டீர்கள். லேப்ரடாருக்கு இடுப்பு, முழங்கை மூட்டுக் கோளாறு சகஜம். ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் பின்தங்குகிறாள் என்றால் முதலில் மூட்டைப் பரிசோதியுங்கள். எடையையும் பாருங்கள். வலியோடு நடக்கும் நாய்க்குச் சுண்டும் கூடாது, பொம்மை எறிந்து ஓடவைக்கவும் கூடாது.

இன்னொன்று, அந்த அண்ணாந்த பார்வை. நாய் முகத்தையே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை, இடத்தைத்தான் சொல்கிறது. கழுத்தை முறுக்கி நீண்ட நேரம் நடக்கவைப்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பிறகு ஓய்வு. டெக்சாஸ் கோடையில் விடிகாலையோடு பயிற்சியை முடித்துவிடுங்கள்.

வேட்டைநாய்_விருதுநகர்
எங்கள் ராஜபாளையத்துக்கு ட்ரீட்டும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். பார்வையை வைத்து வேட்டையாடும் இனம், ஓடுவதைத் துரத்துவதுதான் அதற்குப் பரிசு. நாலு அடி ஒழுங்காக ஹீலில் வந்தால் நான் திடீரென்று ஓடிவிடுவேன், அவன் துரத்திப் பிடிப்பான். பிடித்ததும் கழுத்தைத் தட்டிக்கொடுப்பேன். செயின் போட்ட அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். ஆனால் எல்லா நாயும் அப்படியா என்று கேட்டால், இல்லை.

டல்லாஸ்_செல்வி
எல்லோருக்கும் நன்றி. மூட்டைக் காட்டச் சொன்னதற்குத் தனி நன்றி, இந்த வாரமே கூட்டிப்போகிறேன். வால்நுனி கேட்டதற்குப் பதில்: ஆமாம், ட்ரீட் இடது கையில்தான் இருந்தது. ஒரு சந்தேகம், ரிங்கில் "வாடி கண்ணு" என்று நடுவில் உற்சாகப்படுத்தலாமா?

வால்நுனி
கூடாது. ஜட்ஜ் "ஃபார்வர்ட்" சொல்லும்போது ஒரு தடவை "ஹீல்" சொல்லலாம். நடுவில் கூடுதலாகப் பேசினால் புள்ளி போகும். ஆனால் ஒரு பிரிவு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் தட்டிக்கொடுக்கலாம், கொஞ்சலாம். அந்தச் சில நொடிகளைப் பயிற்சியிலேயே பரிசாகப் பழக்குங்கள்.

பழைய_ஹேண்ட்லர்
செயின் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ரிங்கில் பின்தங்கும் பழக்கத்தை அது இல்லாமல் திருத்துவது சிரமம். ஆனால் செல்வி, வேறொன்று கவனியுங்கள். அடுத்த மாதிரிப் போட்டியில் யாரையாவது உங்களை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், நாயை அல்ல. கொல்லையில் நிமிர்ந்து வேகமாக நடப்பவர்கள் ரிங்கில் பயந்துபோய் அடியைச் சுருக்கி, நாய் வருகிறதா என்று இடது தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். தோள் பின்னால் போனால் நாயும் பின்னால் போகும். பார்வையை முன்னால் வைத்து, வீட்டில் நடக்கும் அதே வேகத்தில் நடந்து காட்டுங்கள். வீடியோவை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.