போட்டில் நல்ல தண்ணீர் பம்ப் ராத்திரி முழுக்கத் தானாக ஓடி ஓடி நிற்கிறது, என்ன செய்யலாம்?

உவரிக் கடற்கரை:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்களுக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் பங்குக்கு ஒரு தங்கல் போட், பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கிற போட், இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 முடிகிறது, அதற்குள் இதைச் சரி செய்தாக வேண்டும். குடிக்கிற தண்ணீர் கேனில் தனியாக இருக்கிறது. சமையலுக்கும் முகம் கழுவவும் என்ஜின் ரூமில் கீழே 300 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், அதற்கு மேலே பலகையில் 12 வோல்ட் டயாப்ரம் பம்ப் (உள்ளே ரப்பர் தகடு அசைந்து தண்ணீரைத் தள்ளுகிற வகை), அங்கிருந்து கிச்சனுக்கு ஒரு குழாய், பின்பக்கம் ஒரு குழாய். குழாயைத் திறந்தால் பம்ப் தானாக ஓடும், மூடினால் நிற்கும். போன சீசன் கடைசியில் இருந்து இரண்டு குழாயையும் இறுக மூடிய பிறகும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு வினாடி ஓடி நிற்கிறது. ராத்திரி அந்தச் சத்தத்தில் யாருக்கும் தூக்கம் இல்லை. அதோடு குழாயைத் திறந்தால் தண்ணீர் சீராக வராமல் காற்றோடு சேர்ந்து துப்பித் துப்பி வருகிறது. கடையில் கேட்டால் பம்ப் போய்விட்டது, புதிதாக மாற்றுங்கள் என்கிறார்கள். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

பாளை வயர்மேன்:
தம்பி, பம்பின் தலையில் பிரஷர் சுவிட்ச் இருக்கும், அதில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், வீட்டு பூஸ்டர் பம்பில் அப்படித்தான் சரி செய்வேன். மீட்டர் இருந்தால் பம்ப் ஓடும்போது அதில் வயர் சேருகிற இடத்திலேயே வோல்ட் பாருங்கள், பேட்டரியில் பார்த்தால் போதாது. பேட்டரியில் 12.6 இருக்கும், பல்புக்கு இழுத்த ஒல்லி வயரில் பம்பையும் கொடுத்திருந்தால் பம்பிடம் 10.5தான் வந்து சேரும். அப்போது பம்ப் இளைத்து ஓடும், சுவிட்ச் கட் ஆகிற பிரஷருக்கு ஏறவே ஏறாது.

துறைமுகத்து மெக்கானிக்:
தம்பி, அந்த ஸ்குரூவைத் தொடாதீர்கள். வயர்மேன் அண்ணாச்சி சொன்ன வோல்ட் விஷயம் நூற்றுக்கு நூறு சரி, ஆனால் அது பம்ப் நிற்காமல் ஓடுகிற கோளாறுக்கு. உங்கள் பம்ப் பிரஷர் ஏற்றி ஒழுங்காக நிற்கிறது, அதனால் சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. நின்ற பிறகு அந்தப் பிரஷர் எங்கேயோ இறங்குகிறது, அது எங்கே என்பதுதான் கேள்வி.

இந்த மாதிரி பம்ப் பெரும்பாலும் பிரஷர் 40 பி.எஸ்.ஐ. (பிரஷரை அளக்கிற அலகு) வந்ததும் நிற்கும், 25 அளவுக்கு இறங்கினால் மறுபடி ஓடும். தண்ணீரை அமுக்க முடியாது, லைனில் பிரஷரைப் பிடித்து வைத்திருப்பது ஓஸ் விரிந்து கொடுக்கிற அந்தக் கொஞ்சம்தான். அதனால் நாலைந்து சொட்டு போனாலே பிரஷர் மொத்தமும் விழுந்துவிடும். அந்தத் தண்ணீர் போவதற்கு இரண்டே வழி. ஒன்று, குழாய்ப் பக்கம் எங்கோ ஒழுகி வெளியே போகிறது. இல்லையென்றால் பம்புக்குள் இருக்கிற ரப்பர் வால்வு சரியாக அடையாமல் டேங்குக்கே திரும்பிப் போகிறது. இரண்டாவது வழியில் போனால் வெளியே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது, நாள் முழுக்க ஜாயின்ட்டைத் துடைத்துத் துடைத்துத் தேடினாலும் கிடைக்காது.

எந்த வழி என்று பிரித்துப் பார்க்க ஒரு பால் வால்வு, கைப்பிடியைத் திருப்பினால் மூடுகிற வால்வு, போதும். பம்பை விட்டு வெளியே வருகிற ஓஸில், பம்பை ஒட்டி அதைப் போடுங்கள். பம்ப் ஓடி நின்றதும் வால்வை மூடிவிட்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள். பம்ப் அதற்குப் பிறகு ஓடவில்லை என்றால் ஒழுகல் குழாய்ப் பக்கம், ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கு அடியிலும் பழைய பேப்பரை விரித்து வைத்தால் காட்டிக் கொடுத்துவிடும். வால்வை மூடியும் ஓடுகிறது என்றால் கோளாறு பம்புக்குள்.

காற்று வருவது வேறு சங்கதி. அது உறிஞ்சுகிற பக்கம். உங்கள் டேங்க் பம்புக்குக் கீழே இருப்பதால் அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். முதலில் பில்டர் கிண்ணத்தின் ஓ-ரிங்கை, அந்த ரப்பர் வளையத்தை, கழற்றி விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரியும். அப்புறம் ஓஸ். உறிஞ்சுகிற பக்கம் சாதா ஓஸ் போட்டிருந்தால் என்ஜின் ரூம் சூட்டில் இளகிச் சப்பிவிடும், உள்ளே கம்பி சுற்றிய ஓஸ்தான் அங்கே நிற்கும். டேங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் பம்ப் இழுக்கத் திணறும், பெயின்ட் அடிக்கிறபோது அதையும் சேர்த்து அடைத்து வைத்த போட்டைப் பார்த்திருக்கிறேன்.

களக்காட்டு வாழை:
எனக்குக் கடல் தெரியாது, ஆனால் வாழைக்கு மருந்து அடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருப்பதும் இந்த வகை டயாப்ரம் பம்புதான். வால்வில் ஒரு மணல் சிக்கினால் போதும், இதே மாதிரி விட்டு விட்டு ஓடும். தலையைக் கழற்றி, ரப்பரை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, வெறும் தண்ணீரில் கழுவி மாட்டினால் பழையபடி வேலை செய்யும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள் தம்பி. அவசரத்துக்கு யாராவது ஸ்பிரேயரில் ஓடிய பம்பைக் கழற்றித் தந்தால் வாங்கி மாட்டிவிடாதீர்கள். பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் ஓடிய பம்ப், எத்தனை தடவை கழுவினாலும் சோறு வடிக்கிற தண்ணீருக்கு அது ஆகாது.

உவரிக் கடற்கரை:
அண்ணாச்சிமாரே, நேற்று தேங்காய்ப்பட்டணம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பம்ப் ஓடும்போது அதனிடம் 12.1 வோல்ட் இருந்தது, வயர் நல்ல வயர்தான். பால் வால்வு போட்டு மூடினேன், ஆறாவது நிமிடம் பம்ப் ஓடியது, திறந்து மூடி மறுபடியும் பார்த்தேன், அதே கதை. தலையைக் கழற்றினால் ரப்பர் வால்வுக்கு அடியில் சிவப்பு மணல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் பக்கத்துத் தேரி மண், செம்மணல் மேட்டு மண். அந்த டேங்க் திசையன்விளையில் மாமா வீட்டு மாடியில் வருடக்கணக்கில் இருந்தது. போட்டுக்கு எடுத்து வந்தபோது தண்ணீர் ஊற்றி ஒரு அலசு அலசியதோடு சரி. பில்டர் வலையின் ஓரம் கிழிந்திருக்கிறது, அது வழியாகத்தான் மணல் போயிருக்க வேண்டும். கிண்ணத்தின் ஓ-ரிங்கும் வளைத்ததும் வெடிப்புத் தெரிந்தது. இரண்டையும் மாற்றி, வால்வைக் கழுவி மாட்டிவிட்டு ராத்திரி போட்டிலேயே படுத்தேன். விடிகிறவரை பம்ப் ஒரு தடவைகூட ஓடவில்லை. காற்றும் வரவில்லை.

இன்னொரு கேள்வி. லைனில் சின்னதாக ஒரு பிரஷர் டேங்க் (உள்ளே காற்று அடைத்தது) வைத்தால் பம்ப் அடிக்கடி ஓடாது என்கிறார்கள், வைக்கலாமா?

துறைமுகத்து மெக்கானிக்:
வைக்கலாம் தம்பி, இப்போது வைப்பதில் தப்பில்லை. ஒழுகலை மறைக்க வைப்பதுதான் தப்பு, பம்ப் ஓடுகிற இடைவெளி கூடுமே தவிர தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். உள்ளே காற்றை, பம்ப் மறுபடி ஓடத் தொடங்குகிற பிரஷருக்குக் கொஞ்சம் கீழே ஏற்றுங்கள், உங்களுக்கு 22, 23 போதும். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து லைனில் தண்ணீர் இல்லாதபோதுதான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கேஜ் தப்பாகக் காட்டும். அதற்கு முன்னால் அந்த 300 லிட்டர் தண்ணீர் டேங்கை வெளியே எடுத்து அடி மண்ணைக் கழுவுங்கள், போட் ஆடுகிற ஆட்டத்தில் அது கலங்கித் திரும்ப வரும்.

உவரிக் கடற்கரை:
கரையில் இறக்கிக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறோம் அண்ணாச்சி. இரண்டு கை மண் வந்துவிட்டது, இன்னும் வருகிறது.