கம்பெனி போய்விட்டது, வண்டி ஓடுகிறது: உங்கள் ஃபோர்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சி ஃபிகோ

போன சனிக்கிழமை நடந்தது. இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 2011 ஃபோர்டு ஃபிகோ, 1.4 டீசல். 2,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கடைக்கு விலை கேட்கப் போனேன். உள்ளேயிருந்து ஓர் இளைஞன் வந்தான். முன்பக்கத்து நீலச் சின்னத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். போனெட்டைத் திறக்கவில்லை, ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை, குனிந்து அடியைப் பார்க்கவில்லை. கையில் வைத்திருந்த டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் ஒரு தொகையை எழுதி நீட்டினான். "கம்பெனியே இந்தியாவை விட்டுப் போய்விட்டதே சார், இதற்கு மேல் யார் தருவார்கள்?" என்றான்.

அந்தக் காகிதம் இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறது. தொகை எவ்வளவு என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

2010 மார்ச்சில் ஃபிகோ வந்தபோது எங்கள் தெருவில் அதைப் பேசாதவர் இல்லை. அடுத்த ஆண்டு நான் வாங்கினேன். 2013-இல் ஃபிகோவையும் கிளாசிக்கையும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தார்கள். பின் அச்சும் பவர் ஸ்டீயரிங் குழாயும்தான் காரணம். நானும் கொண்டுபோனேன், பார்த்து அனுப்பினார்கள், ஒரு ரூபாய் வாங்கவில்லை. அன்று முதல் இன்றுவரை திருச்சி - ராமேஸ்வரம், திருச்சி - பெங்களூரு என்று எத்தனையோ பயணங்கள். வழியில் நின்றதே இல்லை. அப்படிப்பட்ட வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் விலை எழுதினால் எப்படி?

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

பொள்ளாச்சி ஐகான்

விற்காதீர்கள் அண்ணா. நான் விற்றுவிட்டு இன்றும் வருந்துகிறேன்.

எங்களுடையது 2001 ஃபோர்டு ஐகான், 1.6 பெட்ரோல். ஆகஸ்ட் மாதம், வால்பாறையில் விடாத மழை, இரவு பதினொன்றரை மணி. அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாது என்று பின் இருக்கையில் படுக்கவைத்து நானே கிளம்பினேன். ஆழியாறு இறங்கும்வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மூடுபனியில் விளக்கு பத்தடிக்கு மேல் எட்டவில்லை. சாலை எங்கே வழுக்குகிறது, எங்கே பிடிக்கிறது என்பதை என் கண் சொல்லவில்லை, ஸ்டீயரிங்தான் உள்ளங்கைக்குச் சொன்னது. ஐகான் ஓட்டியவர்களுக்கு இது புரியும்.

ஒன்பதாவது வளைவு நெருங்கியபோது பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "மெதுவாகப் போடா, வண்டிக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது."

தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பற்றிக் கவலைப்பட்டார். பிழைத்துக்கொண்டார், அதன் பிறகு ஆறு ஆண்டுகள் இருந்தார். அவர் போன மறு வருடம் வண்டியை விற்றேன். இடம் அடைக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் சரி என்றேன். அந்தக் குரல் மட்டும் இன்னும் கேட்கிறது.

மதுரை ஈகோபூஸ்ட்

பொள்ளாச்சி நண்பரே, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியது பாசம். திருச்சிக்காரர் கேட்பது நம்பகத்தன்மை. இரண்டையும் கலந்தால் புதிதாகப் பழைய ஃபோர்டு வாங்க நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஃபோர்டு செய்த எல்லாமே உழைத்தது என்று சொல்ல முடியாது. பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பெட்டி விவகாரத்தில் வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம் ஊர் ஈகோஸ்போர்ட் சிலவற்றிலும் இரட்டை கிளட்ச் பெட்டிதான். ஆகவே எந்த இன்ஜின், எந்தக் கியர்பெட்டி என்று பிரித்துப் பேசுங்கள். மொத்தமாக ஃபோர்டு நல்லது, ஃபோர்டு கெட்டது என்பதில் பயனில்லை.

என் கதை சிறியது. 2014 ஈகோஸ்போர்ட், 1.0 ஈகோபூஸ்ட். ஒரு தனியார் பட்டறையில் சர்வீஸ் விட்டேன். இரண்டு மாதம் கழித்து மேலூர் அருகே எண்ணெய் விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. உடனே ஓரம் கட்டினேன். பழைய பில்லை எடுத்துப் பார்த்தால் 15டபிள்யூ-40 என்ற கெட்டியான எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். இந்த இன்ஜினுக்கு வேண்டியது 5டபிள்யூ-20. வேறு இடத்தில் சம்ப்பை, அதாவது இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியை, கழற்றியபோது எண்ணெய் உறிஞ்சும் வலையில் கறுப்பாக ரப்பர்த் துணுக்குகள், கருஞ்சீரகம் தூவியது போல ஒட்டியிருந்தன. விரலால் வழித்தால் மை மாதிரி வந்தது.

ஈகோபூஸ்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட். இந்த மூன்று சிலிண்டர் இன்ஜினில் அது எண்ணெயிலேயே நனைந்தபடி சுற்றும். எண்ணெய் தவறானாலோ பழையதானாலோ பெல்ட்டின் ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்தது வலையை அடைக்கும். வலை அடைத்தால் எண்ணெய் அழுத்தம் போகும், அழுத்தம் போனால் டர்போவும் இன்ஜினும் சேர்ந்து போகும். அமெரிக்காவிலேயே 2023 இறுதியில் எண்ணெய் பம்ப்பின் பெல்ட் தொடர்பாக இந்த இன்ஜின் உள்ள ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆகவே எண்ணெயை நீங்களே வாங்கிக் கொடுங்கள். டப்பாவை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். கிலோமீட்டர் ஆகவில்லை என்று தள்ளிப் போடாமல் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்ஜினைக் கழுவும் ஃப்ளஷ் என்று எதையாவது ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பெல்ட்டின் ஓரம் தெரியும், வெடிப்பு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

திருச்சி அண்ணா, உங்கள் 1.4 டீசலிலும் சங்கிலி கிடையாது, பெல்ட்தான். அது எண்ணெயில் நனையாத காய்ந்த பெல்ட். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அதோடு இன்ஜின் முடிந்தது. 2,14,000 ஓட்டியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

மறைமலைநகர்

இன்ஜின் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. நான் ஃபோர்டு வைத்திருந்ததும் இல்லை. ஆனால் உங்கள் வண்டிகளில் சிலவற்றில் என் கை பட்ட தகடு இருக்கும்.

திருமுடிவாக்கத்தில் ஒரு சிறு பட்டறை. ஈகோஸ்போர்ட்டுக்கான ஒரு பிராக்கெட்டை, உள்ளங்கை அளவுதான், அழுத்தி வளைத்துக் கொடுப்போம். எங்களிடமிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போய், அங்கே பெரிய பாகத்தோடு சேர்ந்து மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போகும். சரக்கு போன நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள் காலியாகத் திரும்பி வரும்போது, மேல் பெட்டியில் அடுத்த வாரத்துக்கான அட்டவணை ஒரு கிளிப்பில் செருகியிருக்கும். எத்தனை ஆயிரம், எந்தக் கிழமை என்று.

2021 செப்டம்பர் 9 அன்று அறிவிப்பு வந்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம், இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்றார்கள். குஜராத்தின் சனந்த் தொழிற்சாலையில் கார் உற்பத்தி அந்த ஆண்டோடு நின்றது. இங்கே ஏற்றுமதிக்காக மேலும் சில மாதங்கள் ஓடியது. 2022 கோடையில் ஒருநாள் பெட்டிகள் வந்தன. கிளிப் இருந்தது, காகிதம் இல்லை. பெட்டிகளை இறக்கியவன் நான்தான். காகிதம் வழியில் பறந்துவிட்டதோ என்று வேனின் தளத்தில் குனிந்து தேடினேன். ஓட்டுநர் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது.

மதுரை அண்ணா, நீங்கள் பிரித்துப் பேசச் சொல்வது சரிதான். ஆனால் 4,000 பேர் என்று செய்தித்தாள் எழுதியது தொழிற்சாலைக்குள் இருந்தவர்கள் கணக்கு. எங்களைப் போன்ற பட்டறைகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. நம்பகத்தன்மை என்று பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நியூ ஜெர்சி

மறைமலைநகர் தம்பி, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

நான் ஓட்டுவது 2019 ஈகோஸ்போர்ட். பழையதாகத்தான் வாங்கினேன். வாங்கும் அன்று விற்பனையாளர் காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருந்தார், நான் முன் கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கும் சேசிஸ் எண்ணைப் படித்தேன். எம்.ஏ.ஜே. என்று தொடங்கியது. எம்.ஏ. என்றால் இந்தியா, மூன்றும் சேர்ந்தால் ஃபோர்டு இந்தியா. அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் அத்தனையும் சென்னையில் செய்து கப்பலில் வந்தவை. அது எனக்கு அதுவரை தெரியாது. ஜனவரி மாதம், பனி கொட்டிக் கிடக்கும் மைதானத்தில், கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றேன். நான் படித்தது பொத்தேரியில். தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் செங்கல்பட்டுக்குப் போவேன். உங்கள் பிராக்கெட் என் வண்டியிலும் இருக்கலாம் தம்பி.

இன்னொன்று. அவர்கள் நம் ஊரை மட்டும் விட்டுப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். 1908 முதல் 1927 வரை மாடல் டி-யை ஒன்றரைக் கோடி செய்து சாதாரணத் தொழிலாளிக்கும் கார் கொடுத்த கம்பெனி, 2018-இல் வட அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஃப்யூஷன் எல்லாவற்றையும் நிறுத்தப் போவதாக அறிவித்தது. இங்கே இன்று ஃபோர்டு என்றால் பெரும்பாலும் பிக்கப்பும் எஸ்.யூ.வி.யும்தான். இந்தியாவிலும் முதல் முறை அல்ல. 1926-இல் வந்தார்கள், ஐம்பதுகளில் போனார்கள். 1995-இல் மஹிந்திராவோடு கூட்டாக மறுபடி வந்து எஸ்கார்ட் செய்தார்கள். 2024 செப்டம்பரில் சென்னை ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். கதவு மறுபடி திறந்தால் உங்கள் பட்டறைக்கும் அந்தக் காகிதம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வேளச்சேரி

கம்பெனி போனது, வந்தது எல்லாம் இருக்கட்டும். திருச்சி அண்ணாவின் வண்டி மாதிரியே 1.4 டீசல் ஃபிகோவை நான் என் கையாலேயே கொன்றேன். பத்து ஆண்டுகளாகியும் அந்தச் சத்தம் போகவில்லை.

2015 டிசம்பர் வெள்ளம். தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள். இருக்கைகள் ஈரம், தரை விரிப்பில் சேறு, கதவைத் திறந்ததும் அழுகிய நாற்றம். ஸ்டார்ட் செய்யாதே, இழுவை வண்டி வரட்டும் என்று மாடி வீட்டு ஐயா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சாவியைத் திருப்பினேன். அரை நொடி. 'டக்' என்று ஒரு சத்தம், கல்லில் சுத்தியல் விழுந்தது போல. அதன் பிறகு எதுவும் அசையவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தது. தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, அதனால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. பிறகு மெக்கானிக் அதை என் கையில் கொடுத்தார். நேராக இருக்க வேண்டியது அரிவாள் மாதிரி இருந்தது.

ஒரு பெரிய சர்வீஸ் மையம் சொன்ன தொகையில் இன்னொரு பழைய காரே வாங்கலாம். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு வாரம் அலைந்து, விபத்தில் சிக்கிய ஒரு ஃபியஸ்டாவின் இன்ஜினைப் பிடித்தேன். அதே 1.4 டீசல். அதைப் பொருத்தி இன்னும் 80,000 ஓட்டினேன். பாகம் கிடைக்காது என்று பயப்படாதீர்கள். பிரெஞ்சு பியூஜோ, சித்ரோயன் கம்பெனிகளோடு சேர்ந்து உருவாக்கிய இன்ஜின் அது, உலகம் முழுவதும் ஓடுகிறது. புதுப்பேட்டையில் தேடுபவனுக்கு எல்லாம் கிடைக்கும்.

மதுரை ஈகோபூஸ்ட்

மறைமலைநகர் தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். நான் இன்ஜினை மட்டுமே பார்த்தேன், நீங்கள் சொல்வதுதான் பெரிய விஷயம். திருச்சி அண்ணா, பெல்ட் பற்றிக் கேட்டேன், பதில் இல்லையே?

திருச்சி ஃபிகோ

நேற்று இரவு பழைய பில்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்பித் தேடினேன். பெல்ட் மாற்றியது 2018-இல், 1,18,000-இல். அதற்குப் பிறகு இல்லை. ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர் அதே பெல்ட்டில் ஓட்டியிருக்கிறேன். அது வண்டியின் குறை இல்லை, என் கவனக்குறைவு.

விற்கவில்லை. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். எங்கள் மெக்கானிக் வியாழக்கிழமை பாகங்கள் வரும் என்கிறார். அதுவரை வண்டியை எடுப்பதில்லை, பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். கழற்றிய பெல்ட்டை வாங்கிவந்து படம் எடுத்துப் போடுகிறேன். மதுரைக்காரர் பார்த்து, எவ்வளவு தூரம் தாங்கியிருக்கும் என்று சொல்லுங்கள்.