கியர்பொக்ஸை வீட்டிலேயே மாற்றினேன், சூடானதும் கார் இழுக்க மாட்டேன் என்கிறது

உவர்மலைக்காரன்:
வணக்கம் அண்ணைமார். கார் கொரோலா 121, ஒட்டோ கியர். றேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் பொத்துப்போய், தண்ணீர் கலந்த கியர் ஒயில் ஸ்ட்ரோபெரி பால் நிறத்தில் வந்தது. பழைய பெட்டியின் கதை அதோடு முடிந்தது. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில், ஜப்பானில் ஓடிய கியர்பொக்ஸ் ஒன்று பார்த்து வாங்கி, கொழும்புக்கு மீன் ஏற்றிப்போய் வெறுமையாகத் திரும்பிய லொறியில் போட்டு திருகோணமலைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் முற்றமெல்லாம் மீன் வாசம். நானும் மச்சானும் இரவல் ஜக் வைத்து, இரண்டு சனிக்கிழமை வேப்பமரத்தடியில் படுத்துப் பூட்டினோம். றேடியேட்டரும் புதிது.

இப்போது பிரச்சினை இதுதான். காலையில் டி (முன் கியர்) போட்டால் போகிறது. ஆர் (பின் கியர்) போட்டால் மூன்று நான்கு செக்கன் யோசித்துத்தான் பிடிக்கிறது. அலஸ்தோட்டம் தாண்டும்போது எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. அடியில் ‘ங்ங்’ என்று ஒரு சத்தம். பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் திரும்ப ஓடுகிறது. ஒயில் குச்சியில் ஃபுல் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

கந்தளாய்_லொறி:
பெட்டி பழுது. திருப்பிக் கொடுத்துக் காசை வாங்குங்கள். பழைய சாமான் எல்லாம் இப்படித்தான்.

பழைய பாஸ்:
கழற்ற அவசரப்பட வேண்டாம் தம்பி. மூன்று கேள்வி. எத்தனை லீற்றர் ஊற்றினீர்கள்? குச்சியைப் பார்த்தது எஞ்சின் ஓடும்போதா, நிறுத்திவிட்டா? பூட்டும்போது கொன்வேட்டர், அதுதான் எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் உருளை, உள்ளே முழுதாக இறங்கியதா?

உவர்மலைக்காரன்:
நாலு லீற்றர். சேர்விசில் மூன்றுதானே ஊற்றுவார்கள், ஒன்று கூட்டினேன். பார்த்தது நிறுத்திவிட்டு, எஞ்சின் ஒயில் பார்ப்பது போல. கொன்வேட்டரைச் சுழற்றித் தள்ள ‘டக், டக்’ என்று விழுந்தது, போல்ட் போடுமுன் எஞ்சின் பக்கத்து பிளேட்டுக்கும் அதற்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. குச்சியில் சின்னச் சின்ன நுரையும் பார்த்தேன்.

பழைய பாஸ்:
அந்த இடைவெளி இருந்தால் கொன்வேட்டர் சரி. இறங்காமல் போல்ட்டால் இழுத்திருந்தால் பம்ப் அன்றைக்கே உடைந்திருக்கும்.

உங்கள் பெட்டிக்கு ஒயில் பசி. சேர்விசில் வடிப்பது அடித்தட்டில் கிடக்கிறதை மட்டும். கொன்வேட்டரிலும் கூலரிலும் உள்ளது அப்படியே நிற்கும். வெறும் பெட்டிக்கு அதன் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். எஞ்சின் நின்றால் மேலே இருந்த ஒயில் கீழே வடிந்து குச்சியில் ஃபுல் மாதிரி நிற்கும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை மேலே இழுத்துவிடும், அப்புறம் அடியில் ஒன்றுமில்லை, பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். நுரையும் அந்தச் சத்தமும் அதுதான். காற்று கலந்த ஒயிலில் அழுத்தம் வராது, கிளட்ச் வழுக்கும். இப்படியே ஓட்டினால் நல்ல பெட்டியும் கருகிவிடும்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஓட ஓட, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் மெல்லக் கொண்டுபோய் பி-க்கு (பார்க்) வாருங்கள். பிறகு குச்சி. அரை அரை லீற்றராக ஊற்றுங்கள். டைப் டி-4 (Type T-IV) கியர் ஒயில் மட்டும், கண்டதைக் கலக்காதீர்கள். முதலில் குச்சியில் உள்ள கோல்ட் கோடு வரை. ஓடிச் சூடாக்கி ஹொட் கோட்டைப் பாருங்கள். கூடினாலும் நுரைக்கும், கவனம்.

உவர்மலைக்காரன்:
பாஸ், இரண்டரை லீற்றர் குடித்தது! நிலாவெளி வரை போய் வந்தேன், வழுக்கலும் இல்லை, சத்தமும் இல்லை. ஆர் போட்ட உடனே பிடிக்கிறது. வந்து ஓட ஓடப் பார்த்தேன், ஹொட் கோட்டில் நிற்கிறது. நுரை இல்லை. இதைத் தானே முதலில் சொன்னதாக மச்சான் இப்போது சொல்லித் திரிகிறான். ஒன்று மட்டும், பி-யில் சிலவேளை ஸ்டார்ட் ஆவதில்லை, என்-இல் (நியூட்ரல்) ஆகிறது.

பழைய பாஸ்:
கியர் கேபிள். பெட்டிப் பக்கத்து நட்டைத் தளர்த்தி, உள்ளே லீவரையும் பெட்டியில் உள்ள கையையும் என்-இல் வைத்து இறுக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பி-யிலும் என்-இலும் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும், பெட்டியில் இருக்கும் சுவிச்சைப் பார்க்கலாம். சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் படுங்கள்.

கந்தளாய்_லொறி:
நான் சொன்னதை விடுங்கள். அந்த மீன் லொறி திரும்பும்போது சாமான் ஏற்ற என்ன எடுத்தார்கள்?