16 வயதில் கூடைப்பந்து ஆரம்பித்தால் தாமதமா?

சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் இப்போ 10ஆம் கிரேடு, 16 வயசு. போன வருஷம் வரைக்கும் கிரிக்கெட்தான் அவனுக்கு உயிர். திடீர்னு மளமளன்னு வளர்ந்து 6 அடி 3 அங்குலத்துக்கு வந்துட்டான். ஸ்கூல்ல கூடைப்பந்து டீமுக்குக் கூப்பிட்டாங்க, சந்தோஷமாப் போனான். நல்லா ஓடுறான், நல்லா குதிக்கிறான். ஆனா பந்து கையில நிக்க மாட்டேங்குது.

கோச் முகத்துக்கு நேராவே சொல்லிட்டார்: பெரிய ஆட்டக்காரரா வர்றவங்க எட்டு வயசுலயே பந்தைத் தொட்டிருப்பாங்களாம், இவன் ரொம்ப லேட்டாம். அன்னிக்கு ராத்திரி பையன் சாப்பிடவே இல்லை. அப்புறம் எங்கேயோ படிச்சிட்டு வந்து, "அம்மா, பாஸ்கல் சியாகம்னு ஒரு பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர்கூட லேட்டாத்தான் ஆரம்பிச்சாரு, அதுவும் நம்ம தென்னாப்பிரிக்காவுக்கு வந்துதான் எல்லாம் மாறுச்சு"ன்னு சொல்றான். இது நிஜமா?

இன்னொண்ணு. ஒருத்தர் வீட்டுக்கே வந்து, நாலு மாசம் பயிற்சிக்குப் பணம் கட்டினா அமெரிக்காவுல ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றதாச் சொல்றார். கேக்குற தொகையில ஒரு பழைய காரே வாங்கலாம். என் வீட்டுக்காரர் மேட்ரிக் (ஸ்கூல் கடைசிப் பரீட்சை) முக்கியம், கணக்குல கோட்டை விட்டா எல்லாம் போச்சுங்கிறார். எனக்குப் பையன் முகத்தைப் பாக்க முடியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி எழுதியது:

அக்கா, அந்த ஆளுக்கு ஒரு ராண்ட்கூடக் குடுக்காதீங்க. ஸ்காலர்ஷிப் குடுக்கிறது காலேஜ் கோச்சுங்க, நடுவுல நிக்கிறவங்க இல்லை. மத்ததை லெனேசியா வாத்தியார் வந்து சொல்லுவார். சியாகம் பேரைக் கேட்டா அவர் சும்மா இருக்க மாட்டார்.

லெனேசியா வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் மகன் சொன்னது நிஜம். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுப்பது என் வேலை. சியாகம் கனடாவின் டொராண்டோ அணிக்கு வந்த நாளிலிருந்து அவர் ஆட்டத்தை விடாமல் பார்த்து வருகிறேன். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கேமரூனில் டுவாலா நகரத்தில் 1994-ல் பிறந்தவர். நான்கு அண்ணன் தம்பிகளில் இளையவர். பிள்ளைகளில் ஒருவராவது பாதிரியார் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதனால் 11 வயதிலேயே பாஸ்கலை குருமடப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே அவர் விரும்பி ஆடியது ஃபுட்பால். கூடைப்பந்தை ஒழுங்காகக் கையில் எடுத்தது 2011-ல்தான். லூக் எம்பா அ மூட்டே என்ற கேமரூன்காரர் அப்போது அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஆடிக்கொண்டிருந்தார். அவர் ஊரில் நடத்திய முகாமுக்கு இவர் சும்மா போய்ப் பார்த்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அப்போது அவருக்கு 17 வயது. உங்கள் மகன் ஒரு வருடம் முன்னால் இருக்கிறான்.

அடுத்த வருடம், 2012-ல், ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த 'எல்லைகளற்ற கூடைப்பந்து' (Basketball Without Borders) என்ற இளம் வீரர்களுக்கான முகாமுக்கு அழைப்பு வந்தது. எம்பா அ மூட்டேயும் 2003-ல் இதே முகாமுக்கு இதே ஊருக்கு வந்தவர்தான். அங்கே சியாகமிடம் நேர்த்தியான ஷூட்டிங்கும் இல்லை, பந்தைக் கட்டுப்படுத்தும் கையும் இல்லை. மூச்சு வாங்காமல் ஓடினார். கைவிட்டுப் போன பந்தைத் துரத்தினார். அமெரிக்காவுக்குப் போகும் வழி அங்கேதான் திறந்தது.

இனிமேல் சொல்வதை உங்கள் மகனுக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள். டெக்சாஸில் ஒரு வருடம் பள்ளியில் ஆடிவிட்டு, 2013-ல் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் வருடம் அவரை ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. அங்கே அதை ரெட்ஷர்ட் என்பார்கள். அணியோடு தினமும் பயிற்சி உண்டு, ஆட்டம் மட்டும் கிடையாது. அவருக்கு ஆட உரிமை இருந்த நான்கு சீசன்களில் அதனால் ஒன்றும் குறையவில்லை. 19 வயதுப் பையன், பாஷை புதிது, வீடு வேறு கண்டத்தில், ஆட்டத்தன்று பெஞ்சில் உட்கார வேண்டும். மறுநாள் காலையில் பயிற்சிக் கூடத்துக்குப் போகாமல் இருக்க அந்த வயதில் ஆயிரம் காரணம் கிடைக்கும். இவர் போய்க்கொண்டே இருந்தார்.

அந்த வருடம் முடிந்து, ஆடத் தொடங்க வேண்டிய சமயத்தில், 2014 அக்டோபரில், அப்பா கார் விபத்தில் இறந்துபோனார். விசா சிக்கலால் இறுதிச் சடங்குக்குக்கூட ஊர் போக முடியவில்லை. அந்தத் துக்கத்தோடு ஆடிய சீசனில்தான் தன் கான்ஃபரன்ஸின் (அவர் கல்லூரி ஆடிய போட்டிப் பிரிவின்) சிறந்த புதுமுகம் என்ற விருதை வாங்கினார். அடுத்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 20.3 பாயிண்ட், 11.6 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), கான்ஃபரன்ஸின் சிறந்த வீரர். என்.பி.ஏ. அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2016 டிராஃப்டில் டொராண்டோ ராப்டர்ஸ் அவரை 27ஆவது ஆளாக எடுத்தது. அந்த இடத்தில் எடுக்கப்படுகிறவர்களில் பலர் நான்கைந்து வருடத்தில் காணாமல் போய்விடுவார்கள்.

முதல் சீசனில் இன்னொருவர் காயப்பட்டதால் ஆரம்ப ஐவரில் இடம் கிடைத்தது. பாதியில் அந்த இடம் போய்விட்டது. கீழ் லீக்கில் ஆடும் ராப்டர்ஸ் 905 அணிக்கு அனுப்பினார்கள். அந்த அணி இருப்பது டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில். என்.பி.ஏ.வில் பெஞ்சில் இருந்தவர்கள் பலருக்கு அங்கே போவது அவமானமாகப் படும். சியாகம் அங்கே போய் நிறைய நேரம் ஆடினார், 2017-ல் அந்த அணி கோப்பையை வென்றது, இறுதித் தொடரின் சிறந்த வீரரும் அவரே. என்னைக் கேட்டால் அவருடைய தொழில் வாழ்க்கையின் திருப்பம் இதுதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே முடிவெடுக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

அதற்குப் பிறகு வந்த எண்களைப் பாருங்கள். என்.பி.ஏ.வில் முதல் நான்கு சீசன்களின் சராசரி: 4.2, 7.3, 16.9, 22.9 பாயிண்ட். தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயிண்ட் ஷாட்டில் இரண்டாவது சீசனில் நூற்றுக்கு 22 விழுந்தது, மூன்றாவதில் 37 பக்கம் வந்துவிட்டது. கோடைக்காலம் முழுக்க மூலையில் நின்று எறிந்து எறிந்து கொண்டுவந்த மாற்றம் அது. 2019-ல் அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருது கிடைத்தது. அதே வருடம் கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிரான என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் 17 ஷாட் எடுத்து 14-ஐப் போட்டு 32 பாயிண்ட் அடித்தார். அவரைத் தடுக்க நின்றவர் டிரேமண்ட் கிரீன், டிஃபென்ஸுக்கே விருது வாங்கினவர். அந்த ஆட்டத்தின் பதிவை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். ரீபவுண்ட் விழுந்ததும் சியாகமின் முதல் மூன்று அடிகளை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் திரும்புவதற்குள் அவர் பாதி கோர்ட் தாண்டியிருப்பார். டொராண்டோ கோப்பை வென்றது.

பிறகு சறுக்கலும் வந்தது. 2020-ல் பாஸ்டன் அணியோடு மோசமாக ஆடினார், 2021-ல் தோளில் அறுவைச் சிகிச்சை. மீண்டு வந்து 2022 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரே ஆட்டத்தில் 52 பாயிண்ட். 2024 ஜனவரியில் இண்டியானா அணிக்கு மாறினார். 2025-ல் என்.பி.ஏ.வின் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் சிறந்த வீரர்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் கேட்பது ஒன்றுதான். கோச் ஆட்டத்தில் இறக்காத நாளுக்கு மறுநாள் அவன் என்ன செய்கிறான்? கை பழக்கலாம். கூடைக்கு அடியில் நின்று வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடும் மைக்கன் பயிற்சியைத் தினமும் செய்யட்டும். இடது கையால் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு கோர்ட்டைச் சுற்றி வரட்டும். பந்து கையில் நிற்காதது குணமாகிற விஷயம், பயிற்சிக்கு எழுந்து போகாததுதான் கஷ்டம்.

பெனோனி அண்ணன் எழுதியது:

வாத்தியாருக்கு வணக்கம். எழுதினதெல்லாம் சரி, ஆனா சில விஷயத்தையும் சேர்த்துச் சொல்லணும். சியாகம் 6 அடி 8 அங்குலம். அவரோட மூணு அண்ணன்மாரும் அவருக்கு முன்னாடியே அமெரிக்கக் காலேஜ்ல ஆடினவங்க. அந்த வீட்டுக்கு வழி தெரியும். சாட்ஸ்வொர்த்துல இருக்கிற பையனுக்கு அந்த வழி யாரு காட்டுறது? அந்த முகாமுக்கு வந்து பேர் தெரியாமப் போன பிள்ளைங்க எத்தனையோ பேர். அம்மா, பையனை ஆட விடுங்க, ஆனா அவங்க அப்பா சொல்றதும் நியாயம்.

லெனேசியா வாத்தியார் எழுதியது:

பெனோனி அண்ணன் சொன்னது முழுக்க உண்மை, சியாகமின் அண்ணன்மார் விஷயத்தை நானே சொல்லியிருக்க வேண்டும். இந்த அம்மாவின் மகன் என்.பி.ஏ.வுக்குப் போவான் என்று நான் எழுதவில்லை, யாராலும் எழுத முடியாது. தாமதம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஒரு பிள்ளையை ஒதுக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வளர்ச்சி நின்றிருக்காது, 6 அடி 5 வந்தால் ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டாக நம் பல்கலைக்கழக அணிகளில் தாராளமாக ஆடலாம். ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டங்கள் 2024-லும் 2025-லும் பிரிட்டோரியாவிலேயே நடந்தன, நம் கேப் டவுன் டைகர்ஸ் அணி அந்த லீக்கில் ஆடியிருக்கிறது. முன்பு இந்த நாட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட அப்படி ஒன்று இல்லை.

அம்மா, அவன் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆட, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்கிறது, கணக்கு இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. அந்த விஷயத்தில் அப்பாவும் மகனும் ஒரே பக்கம்தான். நான் சொன்ன முகாமுக்கு ஆட்டத்தைப் பார்த்துத்தான் அழைப்பார்கள், பணம் கட்டி இடம் பிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்தவரிடம் அவர் அனுப்பிய பிள்ளைகள் எந்தக் கல்லூரியில், எந்த வருடம் ஆடினார்கள் என்று கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

வாத்தியார் ஐயா, பெனோனி அண்ணா, ரொம்ப நன்றி. ராத்திரி எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன். அப்பா இறந்த இடம் வந்தப்போ பையன் திரும்பி உட்கார்ந்துக்கிட்டான். என் வீட்டுக்காரரும் கேட்டார். மதிப்பெண் விஷயம் அவருக்குப் பிடிச்சுப்போச்சு. சாயங்காலம் ஒரு மணி நேரம் கணக்கு, அதுக்கப்புறம் கோர்ட், இருட்டுறதுக்குள்ள வீடு வரணும்னு அவங்களே பேசி முடிச்சிட்டாங்க. அந்த ஆளுக்கு போன் போட்டு காலேஜ் பேரு கேட்டேன், அப்புறம் கூப்பிடுறேன்னு வச்சிட்டார்.

ஒரு சின்னக் கேள்வி: வீட்டுல பழகப் பந்து வாங்கணும். எங்க பக்கத்துக் கோர்ட் சிமெண்ட் தரை. எது வாங்குறது?

லெனேசியா வாத்தியார் எழுதியது:

7ஆம் எண் பந்து அம்மா, ஆண் பிள்ளைகள் ஆடும் அளவு அதுதான். ரப்பர் பந்தாகக் கேளுங்கள். தோல் பந்து விலையும் அதிகம், சிமெண்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் முழங்கால் தாண்டி எழும்புகிற அளவுக்குக் காற்று இருக்கட்டும். ஷூவுக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம், கால் இன்னும் வளரும்.